வெற்றித் தூணில் யார் பெயர்?

கோலாரில் கோலாரம்மன் கோவில் இருக்கிறது. தங்கவயலிலிருந்து அது சுமார் 30 கிலோமீட்டர் தூரம். பாலகாட், சாம்பியன் ரீப், மாரிகுப்பம் பக்கத்து மக்கள் பலர் அங்கே போய்க் கும்பிட்டு வருவார்கள். அந்தக் கோவிலில் கல்லில் வெட்டிய பழைய தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. அவை எப்படி அங்கே வந்தன?

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கங்க அரசர்கள் இந்தப் பகுதியை ஆண்டார்கள். அப்போது கோலாருக்குக் குவளாலபுரம் என்று பெயர். பிறகு சோழர்கள் படையெடுத்து வந்து இதைப் பிடித்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் கோலாரம்மன் கோவிலில் திருப்பணி நடந்தது. அந்தக் காலத்தில் வெட்டப்பட்டவைதான் அந்தத் தமிழ் எழுத்துகள்.

சோழர் காலக் கல்வெட்டுகள் பல ஒரே மாதிரி தொடங்கும். கோவிலுக்கு ஒரு விளக்கு கொடுத்த செய்தியாக இருக்கலாம். ஆனாலும் முதலில் அரசனுடைய வெற்றிகள் வரும். எந்த நாட்டை வென்றான், யாரைத் தோற்கடித்தான் என்று வரிசையாக வரும். இதற்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். கீர்த்தி என்றால் புகழ்.

தன் வெற்றியை ஊர் மறக்கக் கூடாது. தான் இறந்த பிறகும் பேச வேண்டும். இதுதான் அரசர்களின் ஆசை. அதற்காகக் கல்லில் எழுதினார்கள். தூண் நட்டார்கள். கோவில் கட்டினார்கள்.

தண்ணீரால் ஒரு தூண்

ராஜேந்திர சோழன் கி.பி. 1014 முதல் 1044 வரை ஆண்டான். 1023-ஐ ஒட்டி அவனுடைய படை வடக்கே கங்கை ஆறு வரை சென்று வென்றது. அந்த வெற்றிக்காக அவன் ஒரு புதிய தலைநகரையே கட்டினான். அதுதான் கங்கைகொண்ட சோழபுரம். இன்று அது தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோவில் கோபுரம் சுமார் 180 அடி உயரம்.

ஊருக்கு அருகே ஒரு பெரிய ஏரியும் வெட்டச் செய்தான். அதன் பெயர் சோழகங்கம். கங்கைத் தண்ணீரைக் குடங்களில் கொண்டு வந்து அதில் ஊற்றினார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு இதைப் பற்றிச் சொல்கிறது. செப்பேடு என்றால் செப்புத் தகட்டில் எழுதிய ஆவணம். அரசன் தண்ணீராலேயே ஒரு வெற்றித் தூண் அமைத்தான் என்று அது புகழ்கிறது.

மற்ற அரசர்கள் கல் தூண் நட்டார்கள். இவன் ஏரி வெட்டினான். தூணைப் பார்க்கத்தான் முடியும். ஏரி வயலுக்குத் தண்ணீர் தரும். அந்த ஏரி இன்றும் பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது.

அரசனின் அரண்மனை இன்று இல்லை. மாளிகைமேடு என்ற இடத்தில் செங்கல் அடித்தளம் மட்டும் இருக்கிறது. 1836-ல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அப்போது கோவில் மதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டு போனார்கள்.

ரோம் நகரத்துத் தூண்

ராஜேந்திரனுக்கு 900 ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நகரில் இந்த வழக்கம் இருந்தது. ரோம் நகரம் இன்றைய இத்தாலி நாட்டில் இருக்கிறது. அதன் பேரரசர்கள் வெற்றி வளைவுகள் கட்டினார்கள். டெல்லியில் உள்ள இந்தியா கேட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரி வளைவுதான்.

டிராஜன் என்ற பேரரசன் கி.பி. 113-ல் ஒரு தூண் எழுப்பினான். அடிப்பீடத்தோடு அதன் உயரம் சுமார் 125 அடி. அது முழுவதும் சலவைக்கல். டேசியா என்ற நாட்டை அவன் வென்றான். அந்தப் போர்க் கதையைத் தூணைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கினார்கள். ஒரு கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற மாதிரி கதை கீழிருந்து மேலே போகும். அதில் சுமார் 2,500 உருவங்கள் உள்ளன. டிராஜன் உருவம் மட்டும் ஏறக்குறைய 60 இடங்களில் வருகிறது. தூணின் உச்சியிலும் அவன் சிலைதான் இருந்தது. அந்தச் சிலை பிறகு காணாமல் போயிற்று. 1587-ல் அந்த இடத்தில் புனித பேதுருவின் சிலையை வைத்தார்கள்.

டேசியா என்பது இன்றைய ருமேனியா. அங்கே தங்கச் சுரங்கங்கள் இருந்தன. டிராஜன் வென்ற பிறகு அந்தத் தங்கம் எல்லாம் ரோமுக்குப் போயிற்று.

சரி, அந்தத் தங்கத்தைத் தோண்டியது யார்?

சுரங்கத்தில் கிடைத்த பலகை

ருமேனியாவில் ரோசியா மோந்தானா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரோமர் காலத்துச் சுரங்கங்கள் உள்ளன. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்தச் சுரங்கங்களில் சில மரப்பலகைகள் கிடைத்தன. பலகையில் மெழுகு பூசி, அதன் மேல் கூரான குச்சியால் எழுதியிருந்தார்கள்.

அவற்றில் ஒன்று வேலை ஒப்பந்தம். அதன் தேதி கி.பி. 164, மே 20. மெம்மியஸ் என்ற தொழிலாளி தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறார். நவம்பர் 13 வரை வேலை. கூலி 70 வெள்ளிக்காசு. நடுவில் வேலையை விட்டுப் போனால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றால், அதற்குத் தகுந்தபடி கூலி குறையும்.

தண்ணீர் புகுந்தது தொழிலாளியின் குற்றமா? இல்லை. ஆனால் நட்டம் அவருக்குத்தான்.

இந்த ஒப்பந்தத்தை மெம்மியஸ் எழுதவில்லை. வேறொருவர் எழுதினார். மெம்மியசுக்கு எழுத்துத் தெரியாது, அவர் கேட்டுக்கொண்டதால் நான் எழுதுகிறேன் என்று அவர் பலகையின் தொடக்கத்திலேயே குறித்திருக்கிறார். தன் கூலியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மெம்மியசால் தானாகப் படித்துப் பார்க்க முடியவில்லை.

தங்கவயலில் இருப்பவர்களுக்கு இது புரியும். கைநாட்டு வைத்துவிட்டுக் கூலி வாங்கிய காலம் இங்கேயும் இருந்தது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன.

சாதாரண மனிதரின் கல்

டிராஜன் தூணில் போர்வீரர்கள் மரம் வெட்டுகிறார்கள். கோட்டை கட்டுகிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. சோழகங்கம் ஏரிக்கு மண் சுமந்தவர்கள் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

எல்லா நினைவுக் கல்லும் இப்படி இல்லை. 1931-ல் திறந்த இந்தியா கேட்டில், போரில் இறந்த 13,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. கோலார் மாவட்டத்துக் கிராமங்களில் நடுகற்கள் இருக்கின்றன. வீரக்கல் என்றும் சொல்வார்கள். ஊர் மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு ஊரார் வைத்த கல் அது. சில கற்களில் இறந்தவரின் பெயரும் இருக்கிறது. அவர் அரசர் இல்லை. ஊரைக் காப்பாற்றிய ஒரு மனிதர்.

அப்படிப்பட்ட கல்லைப் பார்த்தால் அதில் துணி துவைக்காதீர்கள். உடைத்து வீட்டுக்கு அடித்தளம் போடாதீர்கள். எழுத்து இருந்தால் பள்ளி ஆசிரியரிடமோ தொல்பொருள் துறையிடமோ சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கூலித் தாள், கடன் பத்திரம், ஒப்பந்தம் எதுவானாலும் முழுவதும் படியுங்கள். புரியாத இடத்தைக் கேளுங்கள். அதன் பிறகு உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. கல் தூண், ஏரி. இந்த இரண்டில் மக்களுக்கு அதிகம் பயன்படுவது எது? ஏன்?

2. மெம்மியசுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் ஒப்பந்தத்தில் எதை மாற்றச் சொல்லியிருப்பார்?

3. உங்கள் ஊரில் யாருக்கு நினைவுக் கல் வைக்கலாம்? அதில் யார் யார் பெயரை எழுதுவீர்கள்?