ராக் பேண்டில் கீபோர்டுகாரருக்கு என்ன வேலை? ‘ரோஜா’வுக்கு முந்தைய ரஹ்மான் கதை

திண்டுக்கல் பக்கம் திருவிழா இன்னிசைக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேடையில் வயலின் இருக்காது, புல்லாங்குழல் இருக்காது. ஆனா ரெண்டு சத்தமும் வரும். ஓரமா நிற்கிற கீபோர்டுகாரர் கைவேலை அது. கைதட்டல் என்னவோ பாடகருக்குத்தான்.

ராக், மெட்டலிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். கிட்டார் சத்தம் மதில் மாதிரி எழும்பும்போது கீபோர்டு காணாமல் போய்விடும். ‘டீப் பர்பிள்’ ஜான் லார்டு அதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் ஹாமண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து உறும விட்டார்.

1980களில் மெட்ராஸில் ராக் வாசித்த கீபோர்டுகாரர்களில் ஒருவர் திலீப். ஆமாம், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான்.

அப்பா ஆர்.கே.சேகர், மலையாள சினிமா இசையமைப்பாளர். 1976-ல் அவர் இறந்தபோது மகனுக்கு 9 வயசு. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. 11 வயசிலேயே ரெக்கார்டிங்குகளுக்கு வாசிக்கப் போனார் திலீப். படிப்பு பாதியில் நின்றது.

எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா, ராஜ்-கோட்டி என்று பலரிடமும் வாசித்தார். இந்த வேலையில் முன்னால் வைக்கிற நோட்டை வாசிக்கணும், சம்பளம் வாங்கணும், கிளம்பணும். சொந்தக் கற்பனைக்கு அங்கே பெரிசா இடம் கிடையாது.

அந்த இடம் பேண்டில் கிடைத்தது. டிரம்ஸ் சிவமணி, கிட்டார் ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. இவர்களோடு சேர்ந்த குழுதான் ‘ரூட்ஸ்’. ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் அவர் தொடங்கினார். ஆனா சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் பெரிசா விற்காத ஊரில் ராக் வாசித்து வீட்டு வாடகை கட்ட முடியுமா? சோறு போட்டது லியோ காபி மாதிரியான விளம்பர ஜிங்கிள்கள்தான்.

ஜிங்கிள் சில நொடிதான். அதற்குள் டியூன் மனசில் ஒட்டணும், சவுண்டும் புதுசா இருக்கணும். கீபோர்டும் சீக்வென்சரும் கையில் இருந்தால் டிரம்ஸ், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாத்தையும் ஒரே ஆள் அடுக்கலாம். திருவிழா மேடை வித்தைதான், கொஞ்சம் பெரிய அளவில். வீட்டிலேயே அமைத்த ‘பஞ்சதன்’ ஸ்டுடியோவில் இதைப் பழகிய கையோடு வந்ததுதான் 1992-ன் ‘ரோஜா’. என்னைக் கேட்டால், ‘புது சவுண்ட்’ என்று ஊரே பேசியதில் பாதி இந்த ஜிங்கிள் வருஷங்கள் கொடுத்தது.

புது வாத்தியம் தேடும் பழக்கம் அதன்பிறகும் போகவில்லை. ‘டெல்லி-6’ (2009) படத்தின் ‘ரெஹ்னா து’ பாட்டில் ‘கன்டினூம்’ வாசித்திருப்பார். தனித்தனிக் கட்டைகள் இல்லாத வாத்தியம் அது. விரலை இழுத்தால் கமகம் வரும். அதே வாத்தியத்தை மெட்டல் ரசிகர்கள் 2005-லேயே ‘ட்ரீம் தியேட்டர்’ ஜோர்டன் ருடெஸ் கையில் கேட்டிருப்பார்கள்.

சரி, ‘ரூட்ஸ்’ ஆட்கள் என்ன ஆனார்கள்? சிவமணியைச் சொல்லவே வேண்டாம். சுரேஷ் பீட்டர்ஸ்தான் ‘சிக்கு புக்கு ரயிலே’ பாடியவர். 1994-ல் ‘பேட்டை ராப்’பும் அவர்தான். அதில் அவரோடு பாடியவர் தேனி குஞ்சரம்மாள். வத்தலகுண்டு தாண்டிப் போனால் தேனி, நமக்குப் பக்கத்து ஊர்.