மூணு கம்பத்தில் ஒரு வேலை!

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசற்படியை மிதிக்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வருமே... உங்களுக்கு உண்டா? எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தேன். 'இல்லை சார், இது லத்தீன் காலத்து வியாதி' என்று தைரியம் சொன்னது ஒரு ஸ்பானிஷ் வார்த்தை!

கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து ஆர்டர் வந்தது. நாலு பேரை ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாதவன் என்ற ஒரே தகுதியில் நானும் மாட்டினேன். முதல் வாரமே வந்தது, 'த்ரபாஹோ'. வேலை என்று அர்த்தம்.

அதன் வேரைத் தோண்டினால் தூக்கிவாரிப் போட்டது. லத்தீனில் 'த்ரெஸ்' என்றால் மூன்று. 'பாலுஸ்' என்றால் கம்பம். மூன்று கம்பம் சேர்த்துச் செய்த சித்திரவதைக் கருவிக்கு 'த்ரிபாலியம்' என்று பெயர். அதில் வதைப்பது 'த்ரிபாலியாரே'. அதுதான் தேய்ந்து திரிந்து, ஸ்பானிஷில் வேலை பார்ப்பது என்று ஆகிவிட்டது! நான் சொல்லலை... ஸ்பெயினின் ராயல் அகாடமி அகராதியே சொல்கிறது.

6-ம் நூற்றாண்டில் பிரான்சின் ஒசேர் நகரில் கூடிய பாதிரிமார் சபை, 'குற்றவாளிகளை வதைக்கும் அந்த இடத்தில் குருமார்கள் நிற்கக் கூடாது' என்று தடையே போட்டது.

'கஷ்டம்' என்ற அர்த்தம் லேசில் போகவில்லை. செர்வாண்டிஸ் இறந்த மறு வருஷம், 1617-ல் வெளிவந்த அவருடைய கடைசி நாவலின் தலைப்பில் 'த்ரபாஹோஸ்' உண்டு. ஆபீஸ் வேலை இல்லை. இரண்டு காதலர்கள் பட்ட பாடு!

இதே வேர் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் 'ட்ராவல்' ஆனது. அந்தக் காலத்துப் பிரயாணம் அப்படி. எட்டேகால் ட்ரெயினில் தொங்குகிற எனக்கு விளக்கவுரை தேவையா? போறதும் த்ரிபாலியம், போய்ச் சேர்ற இடமும் த்ரிபாலியம்!

ஒருநாள் மேனேஜரிடம் செம டோஸ். ராஜினாமா லெட்டரை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். போர்டில் டீச்சர் எழுதினார்: 'த்ரபாஹோ தே பார்த்தோ'.

பிரசவ வேதனை!

அதே மூணு கம்பம்தான். ஆனால் இந்த வலியின் முடிவில் ஒரு குழந்தை இருக்கிறது. அப்போ நான் படுவது எந்த வலி? தண்டனையா, பிரசவமா?

ஒரு மாசம் பார்த்துவிடலாம் என்று லெட்டரை டிராயரில் போட்டேன். மூணு மாசம் ஓடிப்போச்சு. போன வாரம் முதல் லோடு ஸ்பெயினுக்குக் கிளம்பியது. கூடவே போன கடிதத்தை ஸ்பானிஷில் அடித்தது அடியேன்தான். பிரசவம் என்று பீற்றிக்கொள்ள முடியாது...

இருந்தாலும், நெஞ்சுக்குள்ளே ஒரு சின்ன 'குவா குவா'!