பரிபாடலையும் தலித் கதைகளையும் ஒரே கண்ணால் வாசித்த பிரெஞ்சு அறிஞர்

மும்பை: தமிழுக்குச் செம்மொழித் தகுதி 2004-ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. 20 ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில் மராத்திக்கும் அத்தகுதியை மத்திய அமைச்சரவை வழங்கியது. இவ்விரு மொழிகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இடம் மும்பையின் மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தமிழர்களின் கோயில்களும் உணவகங்களும் கல்வி நிலையங்களும் உள்ளன. தாராவியை ஒட்டிய பக்கம் லேபர் கேம்ப் என்னும் தொழிலாளர் குடியிருப்பு. மராத்தி தலித் இலக்கிய முன்னோடி பாபுராவ் பாகுல், சிறுவயதில் வந்து சேர்ந்து வளர்ந்தது அங்கேதான். ஒரு மொழிக்குக் கிடைக்கும் பெருமை இவ்விரு பக்கங்களில் எதற்கு உரியது?

தமிழைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் உழைப்பாலேயே விடை தந்தவர் பிரான்சுவா குரோ. இலக்கிய விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வு நிறுவனத் தலைவர் எனப் பல நிலைகளில் பணியாற்றிய அவர், 2021-இல் காலமானார்.

1933-இல் பிறந்த குரோ, 1960-களின் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1955-இல் ழான் ஃபிலியோசா நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்ப் புலவர்களையும் ஐரோப்பிய ஆய்வாளர்களையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தியிருந்தது. ஓலைச்சுவடியும் உரை மரபும் அறிந்த புலவர்களிடம் பாடம் கேட்டே தமிழ் நூல்களை அணுக வேண்டும் என்பது அங்கு நிலவிய முறை. குரோ உருவானது அச்சூழலில்தான்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட நூலே கடினமானது. எட்டுத்தொகையில் ஒன்றான பரிபாடலின் 70 பாடல்களில் முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. உ.வே. சாமிநாதையர் 1918-இல் அதை அச்சில் கொண்டுவந்தார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1968-இல் குரோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு விரிவான ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் வெளியானது. திருமாலையும் செவ்வேளையும் வையை ஆற்றையும் பாடிய மதுரை, அதன் வழியாக பிரெஞ்சு வாசகர்களைச் சென்றடைந்தது.

அடுத்ததாக, தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியுடன் இணைந்து உத்தரமேரூரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1970-இல் வந்தது. குடவோலை முறையைக் கூறும் பராந்தக சோழனின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ள ஊர் அது. 2020 டிசம்பர் 10-இல் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோடி, இக்கல்வெட்டைச் சுட்டிப் பேசினார். மேடைகளில் ஜனநாயகச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அக்கல்வெட்டை முழுமையாக வாசித்தால் வேறொன்றும் தெரியவரும். குடவோலையில் பெயர் இடம்பெற வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட ஊரின் சபை. பெருமையையும் அதன் வரம்பையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

தூரக் கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இயக்குநராக 1977 முதல் 1989 வரை குரோ பொறுப்பு வகித்தார். நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் தமிழ்ப் பணி தொடர்ந்தது. காரைக்கால் அம்மையார் பாடல்களுக்குக் காரவேலனார் 1956-இல் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1982-இல் மறுபதிப்பானபோது, அம்மையாரை எப்படி வாசிப்பது என்று நீண்ட பின்னுரை எழுதினார் குரோ.

1992-இல், திருக்குறளின் காமத்துப்பாலைப் பிரான்சின் புகழ்பெற்ற கலிமார் பதிப்பகத்துக்காக மொழிபெயர்த்தார். ஐரோப்பாவில் குறள் நீண்ட காலம் அறநூலாகவே அறியப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அதை லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர், அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் நின்றுவிட்டார். அவர் விட்டுவைத்த 250 குறட்பாக்களையே குரோ தனி நூலாக்கினார். வள்ளுவரை அறிவுரையாளராக மட்டுமன்றி, கவிஞராகவும் காட்டும் தேர்வு அது.

சங்கத் தமிழ் ஆய்வாளர்கள் பலரும் அத்துடன் நிறைவடைவர். குரோ அப்படி நிற்கவில்லை. 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கமும் மராத்தி தலித் எழுத்தும் எழுப்பிய அலை, அம்பேத்கர் நூற்றாண்டான 1991-ஐ ஒட்டித் தமிழகத்திலும் வலுப்பெற்றது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. தமிழ் தலித்துகள் தமக்கான இலக்கியத்தைத் தேடுவது குறித்து, புதுச்சேரி ஆய்வாளர் எம். கண்ணனுடன் இணைந்து குரோ எழுதிய நீண்ட கட்டுரை 1996-இல் தூரக் கிழக்கு ஆய்வுப் பள்ளியின் ஆய்வேட்டில் இடம்பெற்றது. கல்வெட்டும் சிற்பமும் சமயமும் ஆராயப்படும் அந்த ஏட்டில், சமகாலத் தமிழ்ச் சேரியின் எழுத்தும் ஆய்வுப் பொருளானது. இருவரும் தேர்ந்து மொழிபெயர்த்த தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு 2002-இல் பிரான்சில் வெளியானது. பெரும்பாலும் பிரெஞ்சு மொழிக்குள் இருந்த அவருடைய கட்டுரைகளின் ஆங்கிலத் தொகுப்பு 2009-இல் வந்தது.

இந்திய அரசும் குரோவைப் போற்றியது. வெளிநாட்டுத் தமிழறிஞர்களுக்கான குறள் பீடம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் செம்மொழி நிறுவனம் தன் பணி எல்லையாகக் கொண்டிருப்பது கி.பி. 600-க்கு முற்பட்ட இலக்கியத்தையும் 41 நூல்களையும்தான். அந்த அளவுகோலின்படி பரிபாடலும் குறளும் உள்ளே வரும். உத்தரமேரூர்க் கல்வெட்டும் தலித் சிறுகதையும் வெளியே நிற்கும். குரோ பிரிக்காமல் வைத்திருந்ததை விருது பிரித்துவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டுமான சிக்கல் அன்று. சாதியை மறைத்து வாழ நேர்ந்த மனிதனைப் பற்றிய பாபுராவ் பாகுலின் மராத்திக் கதைத் தொகுப்பு 1963-இல் வெளியானது; ஆங்கிலத்தில் முழு நூலாக வர 2018 வரை, அதாவது 55 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. செம்மொழித் தகுதியோடு வரும் நிதியும் விருதும் பழைமையை மட்டுமே தேடிச் சென்றால், அடுத்த தெருவில் எழுதப்படும் நூல் அடுத்த மொழிக்காரருக்கு எட்டாமலே போகும். புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் தனி ஆர்வத்தால் செய்ததை, இன்று 11 மொழிகளுக்குச் செம்மொழித் தகுதி அளித்துள்ள மத்திய அரசு தன் கொள்கையாகவே செய்ய முடியும். தமிழிலிருந்து மராத்திக்கும் மராத்தியிலிருந்து தமிழுக்குமான நேரடி மொழிபெயர்ப்பு அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.