வாகரை: மீண்டெழுந்த சுகாதாரப் பிரிவு

2004 சுனாமியில் சிதைந்து, 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் நிகழ்ந்த போர்க்கால எறிகணை வீச்சில் மக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட கிழக்கிலங்கையின் வாகரையில், 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியபோது மீட்க வேண்டியிருந்தது வைத்தியசாலைக் கட்டடம் மட்டுமன்று, சுகாதாரப் பிரிவும்தான். இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்று நீரையும் மலசலகூடத்தையும் நுளம்பு பெருகுமிடங்களையும் கண்காணிக்க, குடும்பநல மாது எனப்படும் மருத்துவ மாது கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் வீடுதேடிச் சென்று பதிவேட்டில் குறிக்கிறார். வீட்டு முகவரியை நம்பியே இயங்கும் ஏற்பாடு இது. இடம்பெயர்வு முதலில் குலைத்ததும் அந்த முகவரியைத்தான். உள்ளூரில் தொற்றிய இறுதி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவாகி, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தமைக்கு, போர் நிகழ்ந்த வடக்குக் கிழக்கிலும் இக்கண்காணிப்பு மீண்டும் வேரூன்றியதும் துணைநின்றது.