உங்களுக்குத் தெரியுமா? பின் அச்சும் தண்ணீர் குடிக்கும்!

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதியே முங்கியது. அப்படியொரு வெள்ளத்தில் இறங்கிய பிக்கப்பில் எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். பின் அச்சின் நடுவே சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரமான கிரவுனை யார் பார்க்கிறார்கள்? ஓடிச் சூடேறிய அதன் ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால்காபி நிறமானால் உடனே மாற்றுங்கள். ஆனால் வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாவிட்டால், வடித்த பிறகு புது ஆயிலை எங்கே ஊற்றுவது? கிரவுன் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்யும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5 கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள். சோப்புக்கும் எளிதில் அடங்காத கியர் ஆயில் வாடை அவற்றுடையதே.