பீடத்துக்குக் கொடை: சுவிஸில் பணம் எந்த வழியில் போகிறது?

யூபிஎஸ் வங்கி 2012இல் தன் 150ஆம் ஆண்டை ஒட்டி, சூரிச் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறைக்கு 10 கோடி பிராங்க் தருவதாக அறிவித்தது. ஐந்து பேராசிரியர் இருக்கைகள், கூடவே ஓர் ஆய்வு மையம் என்று பெரிய திட்டம். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 2008 நிதி நெருக்கடியில், அதே வங்கியைச் சுவிஸ் அரசு 600 கோடி பிராங்க் போட்டுத் தூக்கிவிட்டிருந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு முதலில் விடை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகங்களின் சுதந்திரத்தை விலை பேசக்கூடாது என்று 2013இல் பேராசிரியர்கள் சேர்ந்து ‘சூரிச் அறைகூவல்’ ஒன்றை வெளியிட்டார்கள். கடைசியில் ஒப்பந்தம் பொதுவெளிக்கு வந்தது. மையம் இன்றும் இயங்குகிறது.

கொடை கொடுப்பவரை இவ்வளவு துருவித் துருவிக் கேட்பானேன் என்று நமக்குத் தோன்றலாம். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தபோது நாடு கைகூப்பி வாங்கிக்கொண்டது. அப்போது அங்கே அப்படி ஓர் ஆய்வகம் இருக்கவில்லை. சுவிஸ் நிலைமை வேறு. இங்கே பல்கலைக்கழகங்களைத் தாங்குவது கன்டோன்கள் என்ற மாநிலங்களும் கூட்டாட்சி அரசும். அன்றாடச் சம்பளத்தையும் கட்டடத்தையும் வரிப்பணம் பார்த்துக்கொள்கிறது. தனியார் பணம் அதற்கு மேல் வைக்கும் கூடுதல். அந்தக் கூடுதல் ஆராய்ச்சியின் திசையைத் திருப்பிவிடக் கூடாது என்பதே இங்குள்ளவர்களின் கவலை. நியாயமான கவலைதான்.

யூபிஎஸ் கதை பெரிய இடத்துக் கதை. நூறு பிராங்க் கொடுக்க நினைப்பவருக்கு வழி எளிது. 2022 செப்டம்பர் இறுதியோடு பழைய சிவப்பு, ஆரஞ்சு நிறக் கட்டணச் சீட்டுகள் போய்விட்டன. இப்போது கியூஆர் சீட்டு, அல்லது கைபேசியில் ட்வின்ட் செயலி. ஆனால் பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவ பீடம், சட்ட பீடம் என்று நாம் சொன்னாலும், பொதுவாகப் பீடத்துக்குச் சட்டப்படி தனி ஆளுமை கிடையாது, பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. ஆகவே பணம் பல்கலைக்கழகத்துக்கோ அதன் அறக்கட்டளைக்கோ போகும். ‘இன்ன பீடத்துக்காக’ என்ற நோக்கத்தை நாம் எழுத வேண்டும். சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமான ஈடிஎச்சுக்கு 2003இல் தொடங்கிய தனி அறக்கட்டளை இருக்கிறது. கொடைகளில் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது.

வரிக்கணக்கு இப்படி: கூட்டாட்சி நேரடி வரியில், ஓர் ஆண்டில் கொடுத்த கொடைகள் எல்லாம் சேர்ந்து 100 பிராங்காவது இருந்தால் கழிக்கலாம், நிகர வருமானத்தில் 20 விழுக்காடு வரை. நிகர வருமானம் 80,000 பிராங்க் என்றால் 16,000 வரை. கன்டோன் வரிகளில் பெரும்பாலும் இதே 20 விழுக்காடு, சில இடங்களில் மாறும். கொடைக்குப் பதிலாக எதையாவது பெற்றுக்கொண்டால், விருந்துச் சீட்டோ விளம்பரமோ, அது கொடைக் கணக்கில் நிற்காது. நீங்கள் இலவசமாகச் செய்து கொடுத்த வேலையையும் கழிக்க முடியாது.

எதற்காகக் கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் இருக்கை நிறுவிப் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்பது நம்மவர் ஆசை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது அப்படித்தான். முதலைத் தொடாமல், ஆண்டுக்கு நான்கு விழுக்காடு கிடைத்தாலே 2,40,000 டாலர். சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கு ஆடு விட்ட முறையும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. கிழடு கழிந்தால் குட்டி வந்து கணக்கை நிரப்பும். அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றன. சுவிஸில் இந்த ஆடு குட்டி போடுவதில்லை. 2015 தொடக்கத்திலிருந்து 2022 செப்டம்பர் வரை சுவிஸ் தேசிய வங்கியின் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. 2025 ஜூனில் மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்தது. பங்குகளில் போட்டு ஈட்டலாம்தான், ஆனால் அதற்கு மிகப்பெரிய முதலும் சந்தை சரியும்போது பொறுத்திருக்கும் தெம்பும் வேண்டும். எனவே இங்கே கொடை இருக்கைகள் பெரும்பாலும் குறித்த சில ஆண்டுகளுக்கு மட்டும் நிறுவப்படுகின்றன. பணம் செலவாகித் தீரும். அதற்குப் பிறகு இருக்கையைத் தன் கணக்கில் தொடர்வதா என்பது பல்கலைக்கழகத்தின் கையில். அந்த வாக்குறுதியை முதல் நாளே எழுத்தில் வாங்காமல் இருக்கைக்குப் பணம் திரட்டக் கிளம்புவது வீண் வேலை.

சின்னத் தொகைக்கு உதவித்தொகை மேலான வழி என்பேன். அதற்குத் தேவையும் கூடியிருக்கிறது: ஈடிஎச்சில் 2025 இலையுதிர்காலம் முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அரையாண்டுக் கட்டணம் 730 பிராங்கிலிருந்து 2,190 ஆகிவிட்டது. கட்டடம் வேண்டுமென்றால் அதற்கும் ஆள் இருக்கிறார்கள்: சென்ட் காலன் பல்கலைக்கழகத்தில் 2022இல் திறந்த ‘ஸ்கொயர்’ என்ற கற்றல் மையம் நன்கொடையில் எழுந்தது. ஃபிரிபூரில் வேறு மரபு. 1889இல் கத்தோலிக்கர்களின் முயற்சியில் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்காக, ஆண்டுக்கு ஒருமுறை கத்தோலிக்கத் தேவாலயங்களில் காணிக்கை எடுக்கிறார்கள். தட்டில் விழும் இரண்டு பிராங்க், ஐந்து பிராங்க் காசுகளும் உயர்கல்விக்குப் போகின்றன. பணமே வேண்டாத கொடையும் ஒன்று உண்டு: பல்கலைக்கழக உடற்கூற்றியல் நிறுவனங்களுக்கு உடலைக் கொடுப்பது. உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

உயில் எழுதுபவர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கட்டாயமாக விட வேண்டிய பங்கு, அவர்களுக்குச் சட்டப்படி உரிய பாகத்தில் முக்காலாக இருந்தது, இப்போது பாதி. பெற்றோருக்கான கட்டாயப் பங்கு அடியோடு நீங்கியது. துணைவரும் பிள்ளைகளும் இருந்தாலும் சொத்தில் பாதியை விரும்பியவருக்கு எழுதலாம். பொதுநல நிறுவனங்களுக்குப் போகும் பங்குக்குப் பொதுவாக வாரிசு வரி இல்லை. உயிலை நோட்டரி இல்லாமல் தானே எழுதுவதானால், முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரை முழுவதும் சொந்தக் கையால், தேதியோடு எழுத வேண்டும். கணினியில் தட்டி அச்செடுத்து அடியில் கையெழுத்து வைத்தது செல்லாது. பெறுபவரின் சட்டப் பெயரும் ஊரும் துல்லியமாக இருக்கட்டும். ‘இன்ன நோய்க்கு இன்ன முறையில் மருந்து கண்டுபிடிக்க’ என்று நோக்கத்தை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். இருபது ஆண்டு கழித்து அந்த ஆய்வே இல்லாமல் போகலாம். ‘மருத்துவ பீடத்தின் ஆய்வுக்கும் மாணவர் உதவிக்கும்’ என்று எழுதினால் போதும்.

இங்கு வாழும் சுமார் 50,000 தமிழரில் பலர் மனத்தில் முதலில் வருவது சூரிச் அல்ல, யாழ்ப்பாணம். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பத் தடையில்லை. ஆனால் சுவிஸ் வரியில் அது கழியாது; பெறும் நிறுவனம் சுவிட்சர்லாந்தில் அமைந்து, வரிவிலக்கும் பெற்றிருக்க வேண்டும். நிர்வாகக் குழுவும் நேர்மையான கணக்கும் வைத்து ஒரு சங்கம் அமைத்து, கன்டோன் வரி அலுவலகத்தில் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவுக்குள், உதாரணமாக ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்துக்கு, ஜெனீவாவில் உள்ள சுவிஸ் பிலாந்த்ரபி ஃபவுண்டேஷன் போன்ற இடைநிலை அறக்கட்டளை வழியாகக் கொடுக்க முடியும்.

எந்த வழியானாலும் பணம் அனுப்பும் முன் அந்த அறக்கட்டளைக்கோ பீட அலுவலகத்துக்கோ ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்றைக் கேளுங்கள்: இந்த நோக்கம் உங்களுக்குத் தேவையா, நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு எடுப்பீர்கள், பணம் மிஞ்சினால் எங்கே போகும். பதில் எழுத்தில் வரட்டும். இந்த ஆண்டு வரிக்கணக்கில் காட்ட வேண்டுமானால் டிசம்பர் 31க்குள் பணம் போய்ச் சேர வேண்டும். சான்றிதழை வரிப் படிவத்துக்காகப் பத்திரப்படுத்துங்கள்.