தொட்டி மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

ஸுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறீர்கள். நேற்றிரவு துள்ளிக்கொண்டிருந்த ஜிலேபிக் கெண்டைகளில் நான்கு, வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. உடம்பில் புண்ணில்லை, புள்ளியில்லை. பக்கத்துச் சரளைக்கல் பாத்தியில் புதினாவும், சாத்தூருக்கே பெருமையான வெள்ளரியும் செழித்துத்தான் நிற்கின்றன. குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

வாசக அன்பர்களே, அவரைக் குறை கூறுமுன் தண்ணீரைக் கவனியுங்கள்.

'அக்குவாபோனிக்ஸ்' எனப்படும் இம்முறையில், மீன் கழிக்கும் அம்மோனியாவைப் பாத்தியிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதைச் செடி உண்ண, தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்புகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற அறிஞர் பல்லாண்டுகள் உழைத்து இதைச் செம்மைப்படுத்தினார். அவர் வளர்த்ததும் ஜிலேபிக் கெண்டையின் இனமான திலேப்பியாவைத்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த இனம் இலேசில் சாகாதது. அதுவே செத்தால், தண்ணீர் வெகுவாகக் கெட்டிருக்கிறது என்று பொருள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எப்போது செத்தது?' என்பதே.

விடியற்காலை என்றால் மூச்சுத் திணறல் என்று ஐயுறுங்கள். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். நம் கரிசல் சீமைக் கோடையில், வெயிலில் காய்ந்த மாடித் தொட்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? இரவில் பாசியும், நுண்ணுயிரும், மீனும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகின்றன. நள்ளிரவில் மின்சாரம் நின்று காற்றுக் குழாயும் ஓய்ந்தால் விடியுமுன் கதை முடிந்துவிடும். பெரிய மீன்கள் முதலில் சாவதும், மற்றவை நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பதும் இதற்கு அடையாளம். தொட்டிக்கு நிழற்கூரை போடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள்.

புதுத் தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் செத்தால் குற்றவாளி குளோரின். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும்.

தொட்டி வைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தால் அம்மோனியா, அல்லது நைட்ரைட். நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை நிறைத்துவிடுவதுதான் நாம் பொதுவாகச் செய்யும் தவறு. 25 பாகையில், கார அமிலத் தன்மை 7 எனில், அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 30 பாகையில் அது 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். புதுச் சிமெண்டுத் தொட்டியின் சுண்ணாம்பு இதை இன்னும் கூட்டும். வாழைத்தண்டு போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றும் பழைய வழக்கம் வீணானதன்று. செவுள் பழுப்பேறியிருந்தால் நைட்ரைட் என்று ஐயுறுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு அதன் வேகத்தைத் தணிக்கும்.

இவை எதுவுமில்லையா? அப்படியானால் வீட்டாரை விசாரியுங்கள். கொசுவுக்கு மருந்தடித்தது யார்? வெள்ளரிக்கு மயில்துத்தக் கலவை தெளித்தது யார்? மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவும் மீனைக் கொன்றுவிடும்.

பதற்றத்தில் மீன் மருந்தை அள்ளிக் கொட்டாதீர்கள். நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அது அழிக்கும். செத்ததை உடனே அகற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மீன்வளர்ப்புக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் அம்மோனியாவை அளந்து பாருங்கள்.

செத்ததைச் சமைக்கலாமா என்று சகோதரிகள் கேட்கக்கூடும். தானே இறந்து மிதந்த மீனை ஹனஃபி மத்ஹபினர் உண்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஆனால் நஞ்சா, நோயா என்று தெரியாத மீனை எந்த மத்ஹபினரும் சட்டியில் ஏற்ற வேண்டாம். வாழைமரத்தடியில், பூனை தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.